விறகுக்கு ஒரு கத்தி, கவ்வாத்துக்கு ஒரு கத்தி



யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றிலே செல்வச் சந்நிதி முருகனைக் கும்பிடப் போய்வந்தவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். அன்னதானக் கந்தன் என்றே அவருக்குப் பெயர். திருவிழாக் கூட்டத்துக்கு மடங்களில் சோறு ஆக்க எவ்வளவு விறகு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பனை நிறைந்த சீமை அது. பனங்குற்றியின் வெளிப்பக்கம் கறுத்த நார் நெருங்கி இரும்பு மாதிரி இருக்கும்; உள்பக்கம் வெறும் சோத்தி. கத்தி சரியில்லை என்றால் நாலு வெட்டிலேயே வாய் மடங்கும், அல்லது பல்லு விழும்.

அதே ஊரில் வேலிக்குக் கதியால் வெட்டுகிற வேலையும் உண்டு. கிளுவை, பூவரசு என்று பச்சைக் கொப்பாக வெட்டி நட வேண்டும். வெட்டிய இடம் நசுங்கினால் அழுகிப்போகும், துளிர்க்காது. அதற்கு மெல்லிய வாய் வேண்டும். பனங்குற்றி கொத்துகிற கத்தி இதற்கு ஆகாது.

நம்ம மலையிலும் இதே கதைதான். கவ்வாத்து வெட்டும்போது தேயிலைக் கிளை பிளக்காமல், ஒரே வெட்டில் சரிவாகப் போக வேண்டும். சாயந்திரம் லயத்துக்கு வந்து அதே கத்தியால் காய்ந்த தேயிலைக் கட்டையைப் பிளக்கிறோம். மறுநாள் மலையில் கத்தி இழுக்கவில்லை என்று கங்காணியிடம் பேச்சு வாங்குவது யார்?

ஆகவே கத்தி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வாயின் கோணம். ஒரு கடதாசியின் மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது 90 பாகை. மூலையிலிருந்து சரிபாதியாக மடித்தால் 45, மூன்றாக மடித்தால் 30. காய்ந்த கட்டையும் பனையும் கொத்துகிற கத்திக்கு வாயின் இரு பக்கமும் சேர்ந்து 40 முதல் 45 பாகை வரை இருக்கலாம். பச்சைக் கொப்புக்கு 30 போதும். மடித்த கடதாசியை வாய்க்கு நேரே பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கோணம் மட்டும் போதாது. விறகுக் கத்தியின் கன்னம் கொஞ்சம் புடைத்து, மெல்லிய வளைவாக வாய்க்கு இறங்க வேண்டும். அப்போதுதான் கட்டையைப் பிளந்து விலக்கும். தட்டையாக இருந்தால் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். அதை உருவுகிற நேரத்தில்தான் கை வெட்டுப்படுகிறது. முதுகு 5, 6 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கட்டும். கவ்வாத்துக் கத்திக்கு அதில் பாதி போதும். நாள் முழுக்கக் கை தூக்க வேண்டுமல்லவா?

இனி இரும்பு. வெறும் மெதுவிரும்பில் கரி, அதாவது காபன், நூற்றுக்குக் கால் பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அதை என்னதான் தோய்த்தாலும் கூர் நிற்காது. லொறி வில்லுத்தகட்டில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் இருக்கிறது. அடி தாங்குகிற கத்திக்கு அது போதுமான உருக்கு. பட்டறைக்காரர்கள் அதைத் தேடி வாங்குவது இதனால்தான். (நாம் பட்டறை என்பதை யாழ்ப்பாணத்தில் கம்மாலை என்பார்கள்.) ஆனால் பழைய தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்காவிட்டால் வேண்டாம். பழைய அரத்தில் அடித்த கத்தி நல்ல கூர் பிடிக்கும், ஆனால் கொத்து வேலையில் சில்லாகத் தெறித்துக் கண்ணில் படும். எவர்சில்வர் கத்தி மினுங்கும், துருவும் பிடிக்காது. கறி காய் நறுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

உருக்கு நம் மலைகளுக்குப் புதிதல்ல. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, துருத்தி இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றையே உலைக்குள் வாங்கி இரும்பு உருக்கியிருக்கிறார்கள். கிலியன் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் 1994இல் அதே மாதிரி உலை கட்டிக் காற்றடிக்கும் மாதத்தில் எரித்துப் பார்த்தார். கரி கூடிய உருக்கு கிடைத்தது. 1996இல் அதை எழுதி வெளியிட்டார்.

தகடு நல்லதாக இருந்தாலும் தோய்ச்சல் கெட்டால் எல்லாம் கெட்டது. காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்க்க வேண்டும். வில்லுத்தகட்டைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கக்கூடும். தோய்த்த கையோடு விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். மினுக்கிய வாயில் முதலில் வைக்கோல் நிறம் வரும், பிறகு ஊதா. கொத்துகிற கத்திக்கு ஊதா வந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். முதுகுப் பக்கம் மெதுவாகவே இருக்கட்டும், அடியை அதுதான் வாங்கிக்கொள்ளும்.

வாங்கும்போது ஒரு சின்ன அரத்தை வாயில் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அளவுக்கு மீறிய கடினம். சுலபமாக அரித்தால் மெதுவிரும்பு. அரம் கொஞ்சம் சிரமப்பட்டுக் கடிக்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

மெஷின் கல்லில் தீட்டக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். அடிக்கடி தண்ணீரில் நனைக்காமல் அழுத்தினால் வாய் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது. அந்த இடம் தேய்ந்து போகும்வரை கூர் நிற்காது. பீலிக்கரையில் தண்ணீர் விட்டுக் கல்லில் தீட்டுவதே மேல்.

கட்டையில் சிக்கிய கத்தியின் முதுகில் சுத்தியலால் அடிக்காதீர்கள், மரக்கட்டையால் தட்டுங்கள். பிடி ஆடுகிறதா, பூண் கழன்றிருக்கிறதா என்று காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் கிட்ட நிற்கும்போது கொத்தவே வேண்டாம்.

தொண்டைமானாற்றில் கடற்காற்று உப்பு, நமக்குப் பனியும் மழையும். இரண்டும் இரும்பைத் தின்னும். வேலை முடிந்ததும் துடைத்துக் கொஞ்சம் எண்ணெய் தடவி வையுங்கள். தேயிலைச் சாறு பட்டுக் கத்தி கறுத்தால் பயப்பட வேண்டாம். அது துரு அல்ல, சாற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்த கறை. சுரண்டாமல் விடுங்கள்.