நிழலிலே பூக்கும் செடிகள்



வெயில் படாத இடத்தில் பூச்செடி வளராது என்பது பலருடைய எண்ணம். ஆனால் காசித்தும்பை, டொரேனியா போன்ற செடிகளுக்கு உச்சி வெயிலே பகை. இவை விதையில் தொடங்கி, பூத்துக் காய்த்து, ஒரே பருவத்தில் வாழ்வை முடித்துக்கொள்பவை. இவற்றை வளர்க்க நிழல் இருந்தால் மட்டும் போதாது. அந்த நிழலின் இயல்பையும் அறிய வேண்டும். இதை நான் ஒரு பாத்திச் செடிகளைப் பறிகொடுத்தே கற்றேன்.

சென்னையில் எங்கள் வீட்டு வடபுறச் சுவரை ஒட்டி ஒரு பாத்தி உண்டு. மார்கழியிலும் தையிலும் அங்கே நண்பகலில் நல்ல நிழல் விழக் கண்டேன். அதை நம்பி, மாசி இறுதியில் காசித்தும்பை விதைத்தேன். ஒரு வாரத்தில் முளைத்தது; செழித்தும் வளர்ந்தது. சித்திரை முற்றியதும் நண்பகலில் இலைகள் துவண்டு தொங்கின. தாகம் போலும் என்று எண்ணி, காலையும் மாலையும் தண்ணீரை ஊற்றினேன். மண் சேறாயிற்று, தண்டுகள் அடியில் அழுகின. வைகாசியில் பாத்தி வெறுமையாயிற்று.

பிழை எங்கே? சென்னை 13 பாகை வட அட்சரேகையில் உள்ளது. குளிர்காலத்தில் நண்பகற் சூரியன் தென்வானில் நிற்பதால் சுவரின் நிழல் வடக்கே விழுகிறது. ஏப்ரல் இறுதியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பின்னர் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் வடபுறமாகவே நிற்கிறது. நான் நம்பிய நிழல் இடம் மாறிவிட்டது!

காசித்தும்பையின் இலை மெல்லியது. தண்டு நீர் நிறைந்தது. கடும் வெயிலில் இலை இழக்கும் நீரை, மண்ணில் ஈரமிருந்தும், வேரால் உடனே ஈடுசெய்ய இயலாது. அப்போது மேலும் மேலும் நீர் ஊற்றினால் மண்ணிலுள்ள காற்று வெளியேறி வேர் அழுகும். வாட்டம் கண்டவுடன் குடத்தைத் தூக்காமல், முதலில் மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள்.

இப்பொழுது சுவரின் கிழக்குப் புறத்தில் பாத்தி அமைத்திருக்கிறேன். அங்கே ஆண்டு முழுவதும் காலை இளவெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கின்றன. செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுகிறேன். மரத்தடியில் மரவேர்கள் நீரையும் எருவையும் கவர்ந்துகொள்ளும்; அங்கே தொட்டியே ஏற்றது. தொட்டியின் துளைமேல் ஓட்டுத்துண்டு வைத்து, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்பலாம். நிழல் நகர்ந்தால் தொட்டியையும் நகர்த்தலாமன்றோ? ஆனால் இருண்ட மூலையில் வைத்தால் தண்டு நெட்டையாகும், பூ குறையும்.

விதைத்த ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கள் தோன்றும். முற்றிய காயைத் தொட்டால் அது வெடித்து விதைகளைச் சிதறும். இக்குணத்தால்தான், லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில், 'பொறுமையற்றது' என்று பொருள்படும் இலத்தீன் பெயரால் இச்செடியினம் குறிக்கப்பட்டுள்ளது.

செடி பொறுமையற்றதாயினும் வளர்ப்பவருக்குப் பொறுமை வேண்டும். மாதம் ஒருநாள் காலை 8 மணிக்கும், நண்பகலிலும், மாலை 4 மணிக்கும் உங்கள் வீட்டு நிழல் எங்கே விழுகிறது என்று குறித்து வாருங்கள். அக்குறிப்பைப் பார்த்தபின் விதையைக் கையில் எடுங்கள்.