நடுநிலையமின்றிச் செய்தி செல்லும் வழி

வில்லியனூரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் தகவல் நடுநிலையம் ஒன்றை அமைத்து, சுற்றுக் கிராமங்களுக்குக் கம்பியில்லாக் கருவிகள் வாயிலாகச் செய்தி அனுப்பியதை நம்மில் பலர் அறிவோம். வீராம்பட்டினம் மீனவர் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் கேட்டறிந்தது அவ்வாறே. எனினும், 2011 டிசம்பர் 30-இல் வீசிய ‘தானே’ புயலைப்போல் மின்கம்பங்களைச் சாய்க்கும் புயலில் நடுநிலையம் நின்றுவிடின், ஊர்கள் யாவும் ஊமையாகும்.

கருவிகளே செய்தியை ஒன்றுக்கொன்று கைமாற்றித் தருவது வேறோர் ஏற்பாடு. இதில் வழியறியும் முறைகள் பல. 2003-இல் விதிகள் வெளியான இரண்டை மட்டும் இங்கே ஒப்பிடுவோம்.

‘ஓ.எல்.எஸ்.ஆர்.’ முறையில் ஒவ்வொரு கருவியும் எல்லா வழிகளையும் முன்னரே குறித்து வைத்திருக்கும். செய்தி உடனே புறப்படும். ஆனால், செய்தியே இல்லாத வேளையிலும் அண்டைக் கருவிகளோடு ஓயாது பேசுவதால் மின்கலம் தேயும். ‘ஏ.ஓ.டி.வி.’ முறையோ, தெருத்தெருவாக வீட்டை விசாரித்துச் செல்பவரைப்போல், தேவை நேரும்போது மட்டும் வினவி வழி காணும். முதற்செய்தி சற்றுத் தாமதமாகும்; மின்சாரம் மிஞ்சும். புயல் நாளில் மின்சாரமன்றோ அருமை!

இடம் பெயராத கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகங்களுக்கு முன்னதும், ஓயாது இடம் மாறும் மீன்பிடிப் படகுகளுக்குப் பின்னதும் ஏற்றவை என்பது எமது கருத்து. ஆயினும், ஒரு படகின் கருவி மற்றொன்றுக்கு எட்டாத தொலைவு சென்றுவிடின் எம்முறையும் பயன்படாது. கருவிகளின் இடைவெளியையே முதலில் அளந்தறிதல் வேண்டும்.