வண்டியின் உயரம்



வில்வண்டியை அறியாத முதியோர் நம் நாட்டில் இரார். அச்சுக்கும் வண்டிக் கூட்டுக்கும் இடையே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அப்பட்டைகள் வளைந்து கொடுத்து, ஏறியிருப்பவரின் முதுகைக் காக்கும். இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் பிக்-அப் வண்டிகளின் பின்புறத்தைக் குனிந்து பார்த்தால், பெரும்பாலும் அதே பட்டை அடுக்கே தென்படும்.

இந்த வண்டிகளை இரண்டு அங்குலமோ நான்கு அங்குலமோ உயர்த்திக் கொள்ளும் ஆசை இப்போது பலரிடம் காணப்படுகிறது. அதற்கான உறுப்புகளை 'லிஃப்ட் கிட்' என்ற பெயரில் தொகுப்பாக விற்கிறார்கள். திருவள்ளூரில் என்னிடம் பௌதிகம் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் வந்தார். "ஐயா, பள்ளத்தில் இறங்கினால் வண்டியின் அடிப்பகுதி இடிக்கிறது; மழைக்காலத்தில் தண்ணீரும் பயமுறுத்துகிறது. எந்தத் தொகுப்பை வாங்கலாம்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பின்புறத்தை உயர்த்த மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அச்சுக்கும் பட்டைக்கும் இடையே ஓர் உலோகக் கட்டையைச் செருகுவது. செலவு குறைவு. ஆனால் பிரேக் பிடிக்கும்போது அச்சு திருகிக்கொள்ள முயலும். கட்டை உயரமாக இருந்தால் அத்திருகல் பட்டையை அதிகமாக முறுக்கும். இரண்டாவது, அடுக்கில் ஒரு பட்டையைக் கூட்டுவது. சுமை தாங்கும், ஆயினும் வெறும் வண்டியாகச் செல்லும்போது தூக்கித் தூக்கிப் போடும். மூன்றாவது, பட்டை அடுக்கு முழுவதையும், அதற்கேற்ற நீளமுள்ள ஷாக் அப்சார்பர்களையும், முன்புறச் சுருள்வில்லையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு மாற்றுவது. செலவு மிகுதி எனினும், மூன்றனுள் இதுவே முறையானது.

எனினும் பலர் கவனியாத உண்மை ஒன்றுண்டு. வில்லை உயர்த்தினால் உயர்வது வண்டியின் மேற்பகுதியே. பின் அச்சின் நடுவில் தொங்கும் பற்சக்கரக் கூடு ஒரு நூலளவும் உயராது. அது சக்கரத்தோடு இணைந்தது. அதை உயர்த்தப் பெரிய டயர் வேண்டும். அதிலும் டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் கூடு உயர்வது ஓர் அங்குலமே.

இனி ஆபத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இடவலச் சக்கரங்களுக்கு இடையே 150 செண்டிமீட்டர் அகலம் என்றும், சரக்குடன் வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 75 செண்டிமீட்டர் உயரம் என்றும் கொள்வோம். அகலத்தின் பாதியை உயரத்தால் வகுத்தால் 1 கிடைக்கும். வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தியதால் எடைமையம் 83 செண்டிமீட்டருக்குச் சென்றால், அவ்வெண் 0.90 ஆகக் குறையும். வளைவில் வண்டி கவிழாமல் நிற்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்பது இதன் பொருள். கல்கத்தா நெடுஞ்சாலையில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு, குறுக்கே வந்த மாட்டுக்காகத் திடீரெனத் திருப்பும் கணத்தில் இந்தப் பத்தில் ஒரு பங்கே உயிரையும் உடலையும் தீர்மானிக்கும்.

உயர்த்திய பின் வேறு உறுப்புகளும் இடம் பெயர்கின்றன. பிரேக் எண்ணெய்க் குழாயின் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் விசையைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டின் சாய்வு மாறுவதால் அதன் மூட்டுகள் தேயும். சில வண்டிகளில் சுமைக்குத் தக்கவாறு பின்பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு அச்சோடு இணைக்கப்பட்டிருக்கும். மேற்பகுதி உயர்ந்தால், சுமை ஏற்றிய வண்டியையும் அது வெறும் வண்டி என்றே கருதிப் பின்பிரேக்கைத் தளர்த்திவிடும். அதைத் திரும்பச் சீர் செய்ய வேண்டும். முன்விளக்கின் ஒளியும், சக்கரங்களின் சீரமைப்பும் அவ்வாறே.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்திற்று. அவ்வாண்டுத் திருத்தம், அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என விதித்துள்ளது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் காப்பீட்டு நிறுவனத்தையும் எழுத்து மூலம் கேளாமல் ஒரு திருகாணியையும் கழற்ற வேண்டாம்.

இவ்வளவும் கூறிய பின், மாணவரின் வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொன்னேன். சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாடாவால் அளந்தோம். அதே வகைப் புதிய வண்டி ஒன்றையும் அளந்து ஒப்பிட்டோம். அவருடைய வண்டி பின்புறம் நான்கு செண்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. இடப்புறப் பட்டை ஒன்றில் விரிசலும் இருந்தது. அளவுக்கு மீறிய சுமையால் வில் தளர்ந்திருக்கிறது. வண்டி பிறந்தபோதே குட்டையாக இருக்கவில்லை! தயாரிப்பாளர் குறித்த அதே அளவுப் பட்டை அடுக்கை மாற்றி, எடைமேடையில் நிறுத்துப் பார்த்துச் சுமை ஏற்றத் தொடங்கினார். அடி இடிப்பது நின்றது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் மாவட்டம் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. ஓடும் நீர் இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை, பிக்-அப் உட்பட, அடித்துச் செல்ல வல்லது. இரண்டங்குல உயரம் அதற்கு அனுமதிச் சீட்டாகாது. அத்தகைய வேளையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதே அறிவுடைமை.

எனவே தொகுப்பைத் தேடும் முன் நாடாவைத் தேடுங்கள். முதலில் அளந்து பாருங்கள். பிறகு வாங்குவதைப் பற்றி எண்ணலாம்.