ஞான ஒடுக்கம்

ஞான ஒடுக்கம் அல்லது தியானம் என்பது கிறித்தவக் குருக்கள், துறவியர், போதகர் முதலான திருப்பணியாளர்கள் தம் அன்றாடப் பணிகளினின்று விலகி, சில மணி நேரமோ சில நாட்களோ தனிமையிலும் மௌனத்திலும் இறைவேண்டலில் ஈடுபடும் வழக்கமாகும். பொதுநிலையினரும் இதனை மேற்கொள்வதுண்டு. இது ஓய்வு விடுமுறையன்று. பிறருக்காகச் செபிப்பதையும் போதிப்பதையும் கடமையாகக் கொண்டவர்கள் தமக்கென்று செபிக்க நேரமின்றிப் போகும் நிலைக்கு மாற்றாகவே இவ்வழக்கம் வளர்ந்தது.

விவிலியப் பின்னணி

இதற்கு அடிப்படையாகப் பெரிதும் காட்டப்படுவது மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரமாகும். பணி முடித்துத் திரும்பிய சீடர்களுக்கு உண்ணவும் நேரமில்லாதபடி மக்கள் வந்துபோகவே, இயேசு அவர்களைத் தனிமையான இடத்திற்குப் படகில் அழைத்துச் செல்கிறார். ஆனால் மக்கள் கரைவழியாக ஓடி, அவர்களுக்கு முன்பே அங்குச் சேர்ந்துவிடுகின்றனர். இயேசு அவர்கள்மீது பரிவுகொண்டு போதிக்கத் தொடங்குகிறார். ஆக, சீடர்கள் எதிர்பார்த்த தனிமை அன்று கிட்டவில்லை. எனினும் மக்களை அனுப்பிய பின்னர் இயேசு மட்டும் மலைக்குச் சென்று வேண்டியதாக அதே அதிகாரம் கூறுகிறது.

இஞ்ஞாசியாரின் முறை

இன்று பரவலாக உள்ள ஒடுக்க முறைக்கு வடிவம் தந்தவர் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் ஆவார். போரில் காயமுற்ற இவர், 1522–23இல் எசுப்பானியாவின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது எழுதத் தொடங்கிய குறிப்புகளே பின்னர் "ஆன்மீகப் பயிற்சிகள்" என்னும் நூலாயின. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் இதற்கு ஒப்புதல் அளித்தார். பயிற்சி முழுவதற்கும் ஏறத்தாழ 30 நாட்கள் ஆகும். வேலையை விட்டு வர இயலாதோர் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டிலிருந்தே இதனைச் செய்யவும் நூலில் வழி உண்டு. வேண்டுதலில் மனம் வறண்டிருக்கும்போது குறித்த நேரத்தைக் குறைக்காமல் சற்றுக் கூடுதலாகவே அமர வேண்டும் என்பது இதன் கடுமையான அறிவுரைகளுள் ஒன்று.

சட்டமும் நடைமுறையும்

விருப்பத்திற்கு விடப்பட்டால் கைவிடப்படும் என்பதாலோ என்னவோ, கத்தோலிக்கத் திருச்சபை இதனைச் சட்டமாகவே ஆக்கியது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு மறைமாவட்டக் குருக்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் ஒடுக்கம் செய்யப் பணித்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு கால அளவை அந்தந்த இடத்துச் சட்டத்திற்கு விட்டுள்ளது. துறவியருக்கு இது ஆண்டுதோறும் கடமையாகும்.

பிங்கன்வால்டே

சீர்திருத்தத் திருச்சபைகளில் இவ்வழக்கம் ஐயத்துடன் நோக்கப்பட்டது. செருமானிய இறையியலாளர் டீட்ரிக் போனோபர், நாட்சி ஆட்சியை எதிர்த்த அறிக்கைத் திருச்சபையின் போதகர்களுக்காக 1935 முதல் பிங்கன்வால்டேயில் பயிற்சிப்பள்ளி நடத்தினார். அங்கு நாள்தோறும் காலையில் அரைமணி நேரம் மௌன தியானம் கட்டாயம். ஒரே விவிலியப் பகுதி ஒரு வாரம் முழுவதும் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதனை மறையுரை தயாரிக்கப் பயன்படுத்தலாகாது. மாணவர் பலருக்கு இது கடினமாயிருந்தது. இறையியலாளர் கார்ல் பார்த் 1936இல் எழுதிய கடிதத்தில், இதில் துறவுமடச் சாயல் இருப்பதாகத் தயக்கம் தெரிவித்தார்.

1937இல் இரகசியக் காவல்துறை பள்ளியை மூடியது. முன்னாள் மாணவர் பலர் சிறைப்பட்டனர், பின்னர் போர்முனைக்கும் அனுப்பப்பட்டனர். சிதறிப்போன அவர்களுக்குப் போனோபர் அனுப்பிய சுற்றுமடல்களில் அந்தந்த வாரத் தியானத்திற்குரிய விவிலியப் பகுதிகளும் குறிக்கப்பட்டிருந்தன.