பூனையின் அக்குளில் ஒரு கம்பளி

ஆனி பிறந்துவிட்டால் நீலகிரியின் சேரம்பாடியில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டி மூன்று நாள் புகை காட்டினாலும் கால்சட்டையின் இடுப்புப் பட்டி ஈரமாகத்தான் இருக்கும். தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் சரிவு அது. பக்கத்திலுள்ள தேவாலா, தமிழ்நாட்டில் அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில், அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயின் லயங்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் சித்தி ஒரு பெர்ஷியன் பூனை வளர்க்கிறார். கேரள எல்லை தாண்டி சுல்தான் பத்தேரியில் வாங்கியதால் அதன் பெயர் சுல்தான். பெண் பூனைதான்.

போன மழைக்காலத்தில் சித்தியிடமிருந்து போன். “சுல்தானுக்கு அக்குள்ல கட்டி வந்திருக்குப்பா. தொட்டா சீறுது. புத்துநோயா இருக்குமோ?”

போய்ப் பார்த்தேன். முன்னங்கால் இடுக்கில் நெல்லிக்காய் அளவில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. முடியை விலக்கிப் பார்க்கலாம் என்றால், விலக்குவதற்கு அங்கே முடி இல்லை. முடிதான் கட்டியாகியிருந்தது. நாம் சடை என்போமே, அது.

சடையை அழுக்கு என்றோ முடிச்சு என்றோ நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு துணி. காஷ்மீரில் ‘நம்தா’ என்றொரு விரிப்பு செய்கிறார்கள். நூற்பதில்லை, நெய்வதில்லை. ஆட்டு ரோமத்தைப் பரப்பி, நீரும் சோப்பும் தெளித்து, சுருட்டி, அழுத்தி, உருட்டிக்கொண்டே இருந்தால் ரோமம் தானாகவே ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கம்பளியாகிவிடும். ஊட்டிக்காரர்களுக்கு இது வேறு விதமாகத் தெரியும்: கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் பிள்ளைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிவிடும். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் 1955-இல் தொடங்கிய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம், நீலகிரி ஆட்டை மெரினோ வகைகளோடு கலந்து ‘சாண்டினோ’ என்ற ரோம ஆட்டை உருவாக்கியது. அந்த ஆட்டின் ரோமத்திலும் சுல்தானின் அக்குளிலும் வேலை செய்வது ஒரே இயற்பியல்தான்.

ஒரு முடியை நுண்ணோக்கியில் பார்த்தால் ஓட்டுக்கூரை மாதிரி செதில் மேல் செதிலாக அடுக்கியிருக்கும். எல்லாச் செதில்களின் விளிம்பும் நுனியைப் பார்த்தே நிற்கும். வேரிலிருந்து நுனிக்கு வருடினால் வழுக்கும். எதிர்த்துப் போனால் தடுக்கும். சிறுவயதில் புல் கதிரைச் சட்டைக் கைக்குள் தலைகீழாகச் செருகிக்கொண்டு கையை ஆட்டுவோம். அது தோள் வரை ஏறுமே தவிர இறங்காது. உதிர்ந்த முடியும் அப்படித்தான். உரசல் பட்டால் வேர்முனை முன்னால் போக ஒரே திசையில் ஊரும், பின்வாங்காது. நூறு முடிகள் நூறு திசையில் இப்படி ஊர்ந்தால் இறுகாமல் என்ன செய்யும்? ஈரமும் சூடும் சேர்ந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். ஈரம், உடம்புச் சூடு, நடக்கும்போது உரசல் என மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அக்குள். அதற்கு அடுத்தபடியாகக் காதின் பின்புறம், தொடையின் பின்பக்கம், வயிறு, கழுத்துப் பட்டைக்கு அடியில்.

நாட்டுப் பூனைக்கு ஏன் இது வருவதில்லை? பூனைக்கு மேலே விறைப்பான காவல் முடி, அடியில் பஞ்சு போன்ற உள்முடி. நாட்டுப் பூனையில் உள்முடி குட்டை. உதிர்ந்தால் கீழே விழுந்துவிடும், அல்லது நாக்கில் ஒட்டிவிடும். பெர்ஷியனில் அது நீளம், அடர்த்தி வேறு. உதிர்ந்த முடி விழ வழியில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். எப்.ஜி.எப்.5 என்றொரு மரபணு இருக்கிறது. ‘வளர்ந்தது போதும்’ என்று முடிவேருக்குச் சொல்வது அதன் வேலை. அது பழுதானால் முடி கூடுதல் காலம் வளர்ந்து நீளமாகிவிடும். பூனையின் நீளமுடிக்கு இந்தப் பழுதே காரணம் என்று 2007-இல் கண்டறிந்தார்கள். 1620 வாக்கில் பியத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி பாரசீகத்தின் குராசானிலிருந்து இந்தப் பூனைகளைக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆனால் 2008-இல் வந்த மரபணு ஆய்வில் இன்றைய பெர்ஷியன் ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருக்கமாக இருந்தது. பெயரில்தான் பாரசீகம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நாக்கின் கதை. பூனை நக்கும்போது அரம் போல உரசுவது, தொண்டையைப் பார்த்து வளைந்திருக்கும் சிறு முட்கள். நம் நகத்தில் உள்ள கெரட்டின்தான் அவை. நெடுங்காலமாக அவற்றைக் கெட்டியான கூம்புகள் என்று நினைத்திருந்தார்கள். 2018-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் வீட்டுப் பூனை முதல் புலி, சிங்கம் வரை ஆறு இனங்களின் நாக்கைப் பரிசோதித்தார்கள். ஒவ்வொரு முள்ளின் முனையும் கரண்டி போலக் குழிந்திருந்தது. அந்தக் குழி எச்சிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு, முடிக்குள் ஆழமாக இறக்கிவிடுகிறது. முடியை அழுத்தினால் எவ்வளவு தடிமனோ, அந்த அளவுக்கு முள் நீளம் இருந்தால் எச்சில் தோல் வரை போய்ச் சேரும். பெரும்பாலான பூனைகளுக்குச் சேர்கிறது. பெர்ஷியனுக்குச் சேர்வதில்லை. விழித்திருக்கும் நேரத்தில் கால்வாசி வரை நக்கியே கழிக்கும் ஒரு பிராணிக்கு, அதன் நாக்குக்கு எட்டாத ஆடையைப் போட்டுவிட்டது மனிதர்கள்தான். மேலாகத்தான் நக்க முடியும். அந்த எச்சில் ஈரமும் சடையை இறுக்கவே உதவும்.

எனவே மீதி வேலை சீப்புடையது. வேண்டியது விலை அதிகமான பிரஷ் அல்ல, பல் தோல் வரை போகும் எவர்சில்வர் சீப்பு. மேலே மட்டும் வாரிவிட்டால் பார்க்கப் பளபளவென்று இருக்கும்; அடியில் நம்தா தயாராகிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் ஒரே மூச்சில் வாருவதைவிட, தினமும் இரண்டு நிமிடம், பூனைக்கு அலுப்பு தட்டுவதற்குள் நிறுத்திவிடுவது நல்லது.

சடை வந்துவிட்டால் முதல் நினைப்பு ‘குளிப்பாட்டிவிடலாம்’ என்பது. அதுதான் முதல் தவறு. நீர் பட்டுக் காய்ந்த சடை இரட்டிப்பாக இறுகும். முதலில் சிக்கெடுத்துவிட்டுத்தான் தண்ணீர். இரண்டாவது நினைப்பு கத்தரிக்கோல். அது இன்னும் மோசம். பூனையின் தோல் சில இடங்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, தளர்வாகவும் இருக்கும். சடையைத் தூக்கிப் பிடித்தால் தோலும் கூடாரம் போல அதற்குள் எழும்பி வரும். முடி என்று நினைத்து வெட்டினால் தோல் வரும்.

சுல்தானுக்குச் செய்தது இவ்வளவுதான். சித்தி அதை மடியில் ஒரு பழைய துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். சிறிது சோளமாவைச் சடையில் தேய்த்தேன், வழுக்கல் கிடைக்கும் என்று. தோலுக்கும் சடைக்கும் நடுவே இரண்டு விரலை அணை கொடுத்து, இழுவை தோலுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன். பிறகு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரலால் பிரிக்கலானேன். பெண்பிள்ளைகளுக்குத் தலை வாரும் அம்மாக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். வேரிலிருந்து இழுத்தால் அலறல்தான். கால் மணி நேரத்தில் பாதி பிரிந்தது. மீதி கல்லாகிவிட்டிருந்தது. அதற்கு மேல் சுல்தானின் பொறுமைக்கும் என் கைக்கும் தாங்காது என்று, சீப்பைத் தோலோடு ஒட்டி உள்ளே செலுத்தி, சீப்புக்கு மேலே முடிவெட்டும் மெஷினை ஓட்டி எடுத்துவிட்டோம்.

உடம்பு முழுக்கச் சடையான பூனையை வீட்டில் தொடக்கூடாது. கால்நடை மருத்துவர் மயக்கம் கொடுத்து மழிப்பதுதான் வழி. மழைக்காலத்தில் தள்ளிப்போடவும் கூடாது. இறுகிய சடைக்கு அடியில் தோல் வெந்து புண்ணாகும், ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். இன்னொன்று: ஒழுங்காக நக்கிக்கொண்டிருந்த பூனைக்குத் திடீரென்று முதுகில் சடை விழ ஆரம்பித்தால், குற்றம் முடியில் இல்லாமலும் இருக்கலாம். மூட்டுவலி, பல்வலி, உடல் பருமன் என ஏதோ ஒன்று அதைத் திரும்பி நக்கவிடாமல் தடுக்கலாம்.

நீலகிரிக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. தலைவலி முதல் கரப்பான் வரை எல்லாவற்றுக்கும் நம்மிடம் யூகலிப்டஸ் தைலம் உண்டு. பூனைக்கு அது நஞ்சு. இத்தகைய பொருட்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. உடம்பில் தடவியது எதுவானாலும் பூனை நக்கி விழுங்கியே தீரும். காட்டோர ஊர் என்பதால் உண்ணியும் ஏறும்தான். அதற்காக நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடக் கூடாது. அவற்றில் பலவற்றிலும் இருக்கும் பெர்மெத்ரின் பூனையை வலிப்பில் கொண்டுபோய் நிறுத்தும்.

மழித்த இடத்தில் முடி வளர ஆடி, ஆவணி இரண்டும் போயின. சீப்பு இப்போது அடுப்படியில் ஆணியில் தொங்குகிறது. சாயங்காலம் டீ கொதிக்கும் நேரம்தான் சுல்தானுக்கு வாரும் நேரம். அன்று எடுத்த கட்டியைச் சித்தி தூக்கிப் போடவில்லை. கழுவிக் காயவைத்து, அதில் தையல் ஊசி குத்தி வைத்திருக்கிறார்.