பதினாறில் ஓட்டு... பள்ளியில் என்ன பாடம்?

எல்லாத் தேர்தல்களிலும் 16 வயதினர் வாக்களிக்க வழி செய்யப்போவதாக 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு அறிவித்தது. ‘நம்மூரில் எப்போது?’ என்ற பேச்சு இங்கேயும் தலைகாட்டுகிறது. பிரேசிலில் 1988 முதலே அந்த வயதினர் விரும்பினால் ஓட்டுப் போடலாம். ஆஸ்திரியா 2007இல் சட்டத்தைத் திருத்தியது.

ஆஸ்திரியா வயதைக் குறைத்ததோடு நிற்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே வியன்னா நாடாளுமன்றம் ஒரு ஜனநாயகப் பட்டறையைத் தொடங்கியது. வகுப்போடு வருபவர்கள் அங்கேயே ஒரு செய்தித்தாளோ வானொலி நிகழ்ச்சியோ தயாரித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். 18 முதல் 20 வயதுவரை உள்ள புதிய வாக்காளர்களைவிட 16, 17 வயதினர் அதிகமாக வாக்களித்ததாகப் பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இந்தியாவில் 61ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் 1989 மார்ச்சில் 21 என்பது 18 ஆனது. பள்ளிக்கூடத்துக் குடிமையியலோ இன்னமும் மதிப்பெண் பாடம்தான். குடியரசுத் தலைவரின் அதிகாரங்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர், பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். 17 வயது முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்ற வசதி 2022இல் வந்தது. அந்த வயதில் பிள்ளைக்கு டியூஷனுக்கே நேரம் போதவில்லை.

தமிழகக் கிராமங்களில் ஆகஸ்ட் 15 அன்று நடப்பதைப் பாருங்கள். காலையில் பள்ளியில் கொடியேற்றம். பேச்சுப் போட்டிப் பரிசு, கையில் மிட்டாய், பிள்ளைகள் வீட்டுக்கு. அதே நாள், அதே ஊரில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் வாக்குவாதம் நடக்கிறது. தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்காகச் சுற்றி வருகிறது. உள்ளாட்சிப் பாடத்தை ஆறாம் வகுப்பிலேயே படித்த பிள்ளை அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வாக்காளர்தான் சபையின் உறுப்பினர் என்பது சட்டம், சரி. ஓரமாக உட்கார்ந்து கேட்பதற்கு என்ன வயது வேண்டும்?

கட்சிக்காரர்கள் பள்ளிக்குள் நுழைந்துவிடுவார்கள் என்ற அச்சம் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் உண்டு. அந்த அச்சத்தில்தான் ‘படிக்கிற பிள்ளைக்கு அரசியல் எதற்கு?’ என்று வாயடைக்கிறோம். 18 வயதானதும் சிந்தித்து ஓட்டுப் போடச் சொல்கிறோம்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றில் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவை அரசு விடுமுறைகள் அல்ல. வேலை நாளாக அமைந்தால் ஆறாம் வகுப்பை வரிசையாக அழைத்துப் போய்விடலாம். மார்ச் தேர்வுக் காலம் என்பார்கள். நவம்பருக்கு அந்தச் சாக்கு செல்லாது.