வாங்கும் முன் சற்று உட்காருவோம்



ஆடி பிறந்தால் தள்ளுபடி, தீபாவளிக்குச் சிறப்பு விற்பனை, டிசம்பரில் கிறிஸ்மஸ் - புத்தாண்டுச் சலுகை. ‘இன்றே வாங்குங்கள்’ என்ற அழைப்பு ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு பெயரில் நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கப் போனவர் இரண்டு பை நிறையப் பொருள்களோடு வீடு திரும்புகிறார். ‘இதெல்லாம் தேவையா?’ என்று கேட்டால், ‘விலை குறைவாகக் கிடைத்தது’ என்பதே பதில்.

இது சிறிய விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது நாம் காண்பது என்ன? பரணில் பிரிக்கப்படாத பெட்டிகள் இருக்கின்றன. அதே வீட்டில், ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்திற்குக் கைமாற்று தேடி அலையும் பெற்றோரும் இருக்கிறார்கள். பணம் வராமல் போகவில்லை. வந்த பணம் எங்கே போனது என்று தெரியாமல் போயிருக்கிறது.

குறைந்துபோன இடைவெளி

முன்பு மளிகைக் கடையில் நாம் ஒருபுறம் நிற்போம். பொருள்கள் மறுபுறம் இருக்கும். கையிலுள்ள சீட்டைப் படிக்கப் படிக்க, அண்ணாச்சி எடை போட்டுக் கட்டித் தருவார். சீட்டில் இல்லாதது பைக்குள் வருவது அரிது.

1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்ற கடையைத் திறந்தார். வாடிக்கையாளர் தாமே உள்ளே சென்று பொருளை எடுத்துக்கொள்ளும் முறை அங்கிருந்து பரவியது. 1937இல் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் தள்ளுவண்டியை அறிமுகப்படுத்தினார். கூடை கனத்தால் கை வலிக்கும், வாங்குவது நிற்கும். வண்டியில் அந்த வலி இல்லை. பின்னர் கடன் அட்டை வந்தது. நம் நாட்டில் 2016இல் யு.பி.ஐ. வந்தபின், பணத்தை எண்ணிக் கொடுக்கும் வேலையும் குறைந்துவிட்டது.

இவை எல்லாம் வசதிகளே. குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு வசதியும், ஆசை எழுவதற்கும் பணம் போவதற்கும் நடுவே இருந்த நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துவிட்டது என்பதை நாம் உணர வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் டிரேசன் பிரெலக்கும் டங்கன் சிமெஸ்டரும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கூடைப்பந்துப் போட்டிக்கான நுழைவுச்சீட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டபோது, ரொக்கமாகத் தர வேண்டியவர்களைவிட, கடன் அட்டையில் செலுத்த இருந்தவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு தொகை கேட்டார்கள். சீட்டு ஒன்றுதான். பணம் கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

அவசரம் யாருடையது?

‘இன்னும் இரண்டே உள்ளன’, ‘பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது’ என்று கைப்பேசித் திரை நம்மை விரட்டுகிறது. அந்த அவசரம் நம்முடையதன்று. இல்லாத அவசரத்தை உண்டாக்குவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது உட்பட 13 வகைத் தந்திரங்களை, 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்டுத் தடை செய்தது. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற எண்ணில் முறையிடலாம்.

வட்டியில்லாத் தவணை என்பதையும் கவனிக்க வேண்டும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்றும், அந்த வட்டி வேறு கட்டணமாக மறைக்கப்படுகிறது என்றும் ரிசர்வ் வங்கி 2013லேயே எச்சரித்தது. இன்று அட்டை மூலம் கிடைக்கும் ‘செலவில்லாத் தவணை’யில் பெரும்பாலும் வட்டித் தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கழித்துத் தருகிறார். ஆனால் வட்டியின் மீதான ஜி.எஸ்.டி.யும் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில்தான் விழுகின்றன. முழுப் பணம் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டுவிட்டு முடிவு செய்வதே நல்லது.

உட்கார்ந்து பார்ப்போம்

லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட விரும்புகிறவரைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். சீடராக வாழ்வதற்கான விலையைப் பற்றிய போதனை அது. ஆயினும் அந்த உவமையில் ஒரு சிறு செயல் நம் கவனத்திற்கு உரியது. அந்த மனிதர் வேலையைத் தொடங்குமுன் உட்காருகிறார். உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார். நாம் இழந்த இடைவெளியை மீட்க அதுவே வழி. எப்படி?

1. பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்வோம். பசியோடும் மன வருத்தத்தோடும் செல்வதைத் தவிர்ப்போம்.

2. பட்டியலில் இல்லாத பொருள் பிடித்திருந்தால், ஓர் இரவு பொறுப்போம். பெரிய பொருள் என்றால் அடுத்த சம்பளம் வரை பொறுப்போம்.

3. விலையை உழைப்பாக மாற்றிப் பார்ப்போம். நாள் கூலி 600 ரூபாய் என்றால், 2,400 ரூபாய்ப் பொருள் நான்கு நாள் வியர்வை.

4. தள்ளுபடி எத்தனை சதவீதம் என்பதை விட்டு, கையிலிருந்து எவ்வளவு போகிறது என்று பார்ப்போம். 5,000 ரூபாய்ப் பொருளைப் பாதி விலைக்கு வாங்கினால், 2,500 ரூபாய் மிச்சமாகவில்லை. 2,500 ரூபாய் செலவாகியிருக்கிறது.

5. கைப்பேசியில் சேமித்து வைத்துள்ள அட்டை எண்ணை நீக்குவோம். ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யும் அந்த ஒரு நிமிடம் யோசிக்க உதவும்.

6. குடும்பமாகப் பேசி முடிவெடுப்போம். பிள்ளைகளிடம் ‘பணம் இல்லை’ என்று மட்டும் சொல்லாமல், பணம் எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்றும் சொல்வோம்.

கஞ்சத்தனம் அன்று

எல்லா ஆசையும் தவறன்று. உழைத்து ஓய்ந்த அம்மாவுக்குத் திருவிழாவிற்கு ஒரு நல்ல புடவை எடுப்பது வீண் செலவாகாது. பொறுத்துப் பார்த்த பின்பும் ஒரு பொருள் தேவை என்று தோன்றினால் மகிழ்ச்சியோடு வாங்கலாம். யோசித்து வாங்கிய பொருள் பரணுக்குப் போவதில்லை. கடன் வாங்கித்தான் அரிசி வாங்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களிடம் போய், சிக்கனம் பற்றிப் பிரசங்கம் செய்யவும் கூடாது. அவர்களுக்குத் தேவை நம் உதவி.

வாங்குவதிலும் நன்மை தீமை உண்டு, அது வெறும் பணக் கணக்கு அல்ல என்பதைத் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2009இல் வெளியிட்ட ‘உண்மையில் அன்பு’ என்ற சுற்றுமடலில் நினைவூட்டினார். நாம் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் ஒருவரிடம் போய்ச் சேருகிறது. இன்னொருவருக்குக் கிடைக்காமலும் போகிறது. அந்த இன்னொருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். நம் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையினர் உதவக் காத்திருக்கும் ஒரு முதியவராகவும் இருக்கலாம்.

திருவருகைக் காலம் முழுவதும் காத்திருப்பதைக் கற்றுக்கொள்ளும் மக்கள் நாம். அந்தப் பொறுமையைக் கடை வாசலிலும் கடைப்பிடிப்போம். அடுத்த முறை ‘இன்றே கடைசி நாள்’ என்ற பலகையைப் பார்க்கும்போது, சற்று உட்காருவோம், கணக்குப் பார்ப்போம், அதன் பிறகு எழுந்து வாங்குவோம், அல்லது நிம்மதியோடு வீடு திரும்புவோம்.